பங்குக்கு வந்த கார்

இரண்டாம் பூசை முடிந்து ஒன்பதரை மணி இருக்கும். கோவில் வளவில், பூவரச மரத்தின் கீழே, நாற்பது ஆண்கள் ஆளுக்கொரு ஸ்பனரோடு நின்றார்கள். நடுவில், நான்கு தென்னங்குற்றிகளின் மேல், ஒரு சிவப்பு அமெரிக்கக் கார் இருந்தது. சுவாமியார் அதற்குத் தீர்த்தம் தெளித்தார். பிறகு பங்குச் சபைத் தலைவர் பிரான்சிஸ் மாஸ்டர் சுருக்கமாகப் பேசினார். அவருடைய சுருக்கம் முடிவதற்குள் மரத்தின் நிழல் காரை விட்டு விலகி மதிலடிக்குப் போய்விட்டது.

பேச்சில் இருந்த விஷயம் இவ்வளவுதான். காரை முழுவதும் கழற்றுவோம். ஒவ்வொரு துண்டையும் கறள் எடுத்துத் துடைப்போம். திரும்பப் பூட்டுவோம். கப்பலில் வந்து இறங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே அடுத்த பெருநாளுக்கு ஓடும். மாஸ்டர் முப்பது வருஷமாகக் கரையில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். கார் எஞ்சின் எதையும் அதுவரை திறந்ததில்லை என்பதை அவர் ஒரு குறையாக எண்ணவில்லை.

“எஞ்சின் என்டா எஞ்சின்தான். தண்ணியில ஓடினா என்ன, தரையில ஓடினா என்ன” என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் அந்த வசனத்தைக் கூட்ட அறிக்கையில் எழுதிக்கொண்டேன். சபையின் செயலாளர் என்ற முறையில் இப்படிப்பட்டவற்றைப் பாதுகாப்பதுதான் என் வேலையாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே கார் முடிந்துவிட்டது. திருத்தி முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கதவு, பொனட், டிக்கி, கண்ணாடி, இருக்கை, விளக்கு என்று எல்லாம் போய், குற்றிகளின் மேல் ஒரு இரும்புத் தொட்டி மட்டும் மிஞ்சியது. எங்கள் ஊரார் ஒற்றுமையாகச் செய்யக்கூடிய காரியம் இரண்டு. கரைவலை இழுப்பது ஒன்று, ஒரு பொருளைக் கழற்றுவது மற்றது. கழற்றியதைப் பூட்டும்படி அதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை.

கொப்பராக் கொட்டிலில் ஒரு சிங்கம்

எங்கள் ஊர் மாம்புரிக்கும் தலவிலவுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் பிரான்சிஸ் மாஸ்டர் கோபிப்பார்.

அந்தக் கார் பெரிய தென்னந்தோட்டம் ஒன்றின் சொந்தக்காரருடையது. தோட்டத்து ஐயா என்றுதான் எல்லோரும் சொல்வோம். நான் கூட்டுறவுக் கடையில் கிளாக்கராகச் சேர்ந்த காலத்தில் அவர் அதைப் புத்தளம் வீதியில் ஓட்டுவார். கார் கண்ணுக்குத் தெரிய ஐந்து நிமிஷத்துக்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். கூப்பன் அரிசி வாங்க வரிசையில் நின்றவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரம் போய் நிற்பார்கள். கார் போன பிறகு அரிசியில் மண் இருக்கும்.

அந்த ஜாதிக் கார்களை மசில் கார் என்பார்களாம். சுவாமியார் இணையத்தில் பார்த்துச் சொன்னார். நேரே, வேகமாகப் போவதைத் தவிர வேறொன்றும் அறியாத வண்டி. எங்கள் பக்கத்தில் நேரே, வேகமாகப் போனால் பத்து நிமிஷத்தில் கடல் வரும். ஐயா அதைப் பற்றியெல்லாம் யோசித்தவர் இல்லை.

பிறகு யுத்தம், செக்பொயின்ற், பெற்றோல் விலை என்று ஒவ்வொன்றாக வந்தது. ஐயா காரைக் கொப்பராக் கொட்டிலுக்குள் தள்ளிச் சாக்குப் போட்டு மூடினார். இருபது வருஷத்துக்கு மேல் எலிகள் அதை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டன. யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருஷத்தில் ஐயா காலமானார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. காணி ஹோட்டல்காரருக்குப் போனது. கார் மட்டும், உயில்படி, எங்கள் கோவிலுக்கு வந்தது. உயிரோடு இருக்கும்போது ஐயா எங்கள் கோவிலுக்கு இரண்டு தரம் வந்திருப்பார். இரண்டும் மரண வீட்டுப் பூசை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் ஒரு திட்டம் இருந்தது. ரோட்டுக்குத் தாரில் கார்ப்பெட் போட்டார்கள். கரண்டுக்குக் காற்றாடி மரங்கள் நட்டார்கள். வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு களப்புத் தண்ணீரின் மேல் ஓடினார்கள். கோவிலுக்கும் ஒரு திட்டம் தேவைப்பட்டது. விற்றுவிட்டுக் கூரையைத் திருத்தலாம் என்று ஒருவர் சொன்னார். அவரை நாங்கள் பேச விடவில்லை. திருத்திக் கலியாணங்களுக்கு ஓட விடுவதென்று மூன்று மணி நேரம் கதைத்துத் தீர்மானித்தோம். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் மணமக்கள் எங்கள் காரில்தான் ஏறுவார்கள் என்றார் மாஸ்டர். எட்டு சிலிண்டர் எஞ்சின், இப்படி ஒன்று கொழும்பிலும் இல்லை என்றார். எட்டு என்று சொல்லும்போது இரண்டு கையிலும் நான்கு நான்கு விரலைக் காட்டினார்.

பங்கு

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சுவாமியாருக்குக் கீழே இருக்கிற கோவிலையும் மக்களையும் நாங்கள் பங்கு என்போம். அந்தச் சொல்லுக்கு இருக்கிற மற்ற அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு அர்த்தமும் ஒன்றாக நடந்தது.

யோசனை என்னுடையது. அதை மறைக்க விரும்பவில்லை. கழற்றிய சாமான்களை ஒரே இடத்தில் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள், குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்தால் ஆளாளுக்குப் போட்டி போட்டுத் துடைத்துக்கொண்டு வருவார்கள் என்று சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துப் போனது. பங்குப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து, பூவரச மரத்தின் கீழே மேசை போட்டு, குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசித்தேன். இடது கதவு ஒரு வீட்டுக்கு, வலது கதவு இன்னொரு வீட்டுக்கு. பின் இருக்கை சங்கக் கடைக்கு முன்னால் இருக்கிற வீட்டுக்கு. பொனட்டைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. எஞ்சினை மாஸ்டர் தானே எடுத்துக்கொண்டார். கழற்றிய உடனேயே அதற்குத் தார்ப்பாய் போட்டு மூடி, லாண்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏற்றித் தன் கொட்டிலுக்குக் கொண்டு போனார். பக்கத்தில் போனவர்களை, மண் விழும் தள்ளி நில்லுங்கள் என்றார். அவருடைய கவனத்தை நாங்கள் மெச்சினோம்.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது மதிலோரம் சிலர் நிற்பது தெரிந்தது. அவர்கள் முகாம் ஆட்கள். யுத்தத்தில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, மரக்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் குடியேறியவர்கள். வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல். கொட்டில்கள் கல் வீடுகளாகி, கிணறு வெட்டி, முருங்கை நட்டு, அது காய்த்தும் விட்டது. நாங்கள் மட்டும் முகாம் என்ற சொல்லை விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வந்து கடைசி வரிசை வாங்குகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களுடைய பெயர்கள் பதிவேட்டில் இல்லை. பதிவேடு நிரந்தரமாக இருப்பவர்களுக்கு. அவர்கள் தற்காலிகமாக வந்தவர்கள். தற்காலிகமாகவே பிள்ளைகளைப் பெற்றார்கள், தற்காலிகமாகவே செத்து எங்கள் சேமக்காலையில் அடக்கமும் ஆனார்கள். சுவாமிமார் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை மாறிப் போவார்கள். செயலாளர் மாறுவதில்லை. அதனால் ஒழுங்குகளைக் காப்பாற்றுகிற பொறுப்பு என்னிடம் இருந்தது.

அவர்களில் ஒருவர் மேசைக்கு வந்தார். மரியநாயகம் என்று பெயர். நாயகம் என்று கூப்பிடுவார்கள். ஒடிசலான ஆள், ஐம்பது வயது இருக்கும். கிளிநொச்சிப் பக்கம் கராஜ் வைத்திருந்தவர் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். இங்கே என்ன செய்கிறார் என்று கேட்டதில்லை. தனக்கும் ஒரு துண்டு கேட்கப் போகிறார் என்று நினைத்து, பதிவேட்டை மூடி அதன் மேல் கையை வைத்தேன்.

அவர் கேட்டது அதுவல்ல.

“நட்டுகளைக் கலக்க விடாதேங்கோ. எந்த ஓட்டையிலயிருந்து கழட்டினதோ அந்த ஓட்டையிலயே திருப்பிப் போட்டு வையுங்கோ. பிறகு தேடேலாது.”

சபையிடம் சொல்வதாகச் சொன்னேன். சொல்லத்தான் திரும்பினேன். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. குடித்து முடித்துப் பார்த்தபோது காரின் நட்டு, போல்ட், ஆணி, கிளிப் எல்லாவற்றையும் ஒரு பெரிய மீன் பெட்டிக்குள் கொட்டி, அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பொனட்டில் காய்ந்த கருவாடு

அடுத்த சில மாதங்களில் அந்தக் கார் எங்கள் ஊரில் ஆற்றிய சேவை, ஐயாவிடம் இருந்தபோது ஆற்றியதை விட அதிகம்.

பொனட் நல்ல அகலம், தகடும் கனம். கடற்கரையில் சாய்த்துப் போட்டு அதில் கருவாடு காய வைத்தார்கள். பாயில் போடுவதை விடச் சீக்கிரம் காய்கிறது என்றார்கள். பின் இருக்கை வீட்டு வாசலில் சோபாவானது. பெண் பார்க்க வந்தவர்களை அதில்தான் உட்கார வைத்தார்கள். காரின் முன் கம்பி வலையை ஒரு வீட்டில் கோழிக் கூட்டுக்குக் கதவாக்கினார்கள். பக்கக் கண்ணாடியின் முன்னால் ஒருவர் தினமும் முகம் வழித்தார். துடைப்பதைப் பொறுத்தவரை, எல்லாம் மிகச் சுத்தமாகத்தான் இருந்தது. பாவனையில் இருக்கிற சாமான் கறள் பிடிப்பதில்லை.

குற்றிகளின் மேல் இருந்த தொட்டிக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை. உப்புக் காற்று அதைத் தின்றது. மழைக்கு உள்ளே தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. பூசைப் பிரசங்கத்துக்கு நடுவில் சத்தமாகக் கத்தும். சுவாமியார் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

எஞ்சின் எப்படி இருக்கிறது என்று மாஸ்டரிடம் கேட்டால், நுட்பமான வேலை, அவசரப்படக் கூடாது என்பார். கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். திறப்பு அவருடைய இடுப்பில் இருந்தது.

ஒரு கடிதம்

அப்போதுதான் ஐயாவின் மகள் வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதினார். தலவில பெருநாளுக்கு வருகிறாராம். அப்பாவின் காரைக் கோவில் திருத்துவதாகக் கேள்விப்பட்டாராம். வந்து பார்க்க ஆவலாக இருக்கிறாராம். நான்கு மாதம் இருந்தது.

சபை அவசரமாகக் கூடியது. காரைத் தார்ப்பாயால் மூடி, அதன் மேல் ஒரு புனிதரின் சுரூபம் வைத்துச் சோடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வருகிறவர் பக்தியுள்ளவராக இருந்தால் சுரூபத்தைத் தூக்கிப் பார்க்க மாட்டார். அது தோற்றுப் போனது, ஆனால் ஒரே ஒரு வாக்கால். கடைசியில், கற்பிட்டியில் டின்கரிங் செய்கிற ரஹீம் நானாவைக் கூப்பிட்டுக் காட்டுவதென்று முடிவானது.

நானா வந்து தொட்டியைச் சுற்றி நடந்தார். தகட்டில் விரலால் தட்டினார். ஓரிடத்தில் விரல் உள்ளே போய்விட்டது. மீன் பெட்டியைத் திறந்து நட்டுகளைப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். மௌத்தான வீட்டில் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை இழுத்து விடுவது போல மூடினார்.

“காரிட பொடித் தகட்ட நான் அடிச்சித் தருவன் செக்கரட்டரியார். ஆனா இத திருப்பிப் பூட்டுறத்துக்கு ஆள் வேணும்” என்றார். “ஏன், ஒங்கட நாயகத்தார நீங்க கேக்கல்லயா?”

நாயகம் இங்கேயும் வேலை செய்கிறாரா என்று நான் கேட்டேன். நானா என்னை ஒரு விதமாகப் பார்த்தார். புத்தளத்து உப்பு லொறிகளில் பாதி அவருடைய கையால்தான் ஓடுகின்றன என்றும், தான் எடுக்கிற வேலைகளில் பூட்டுகிற பகுதியை அவரிடம்தான் கொடுப்பதாகவும், பத்து வருஷத்துக்கு மேலாக இதுதான் நடப்பதாகவும் சொன்னார். கோவில் மதிலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறாரே என்று கை காட்டினார். கற்பிட்டிப் பள்ளிவாசல் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதனின் வேலை, அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து முழங்காலில் நிற்கிற கோவிலின் செயலாளருக்குத் தெரியவில்லை.

போய் அழைத்து வர ஒருவர் வேண்டும் என்றார்கள். பதமாகப் பேசக்கூடியவர் என்று என்னைத் தெரிவு செய்தார்கள்.

கூலி

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாயகம் அதற்கு முன் இரண்டு தரம் என்னிடம் வந்திருக்கிறார். மதிலடியில் அல்ல, என் வீட்டு முற்றத்துக்கே. உள்ளே வரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவருடைய மகள் ஜெனிற்றாவுக்குச் சிலாபத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். எங்களில் கலியாணத்துக்கு முன் பெண்ணின் பங்கிலும் மாப்பிள்ளையின் பங்கிலும் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிப்பதைத்தான் ஓலை என்போம். பதிவேட்டில் பெயர் இல்லாத குடும்பத்துக்கு எப்படி ஓலை வாசிப்பது? சொந்தப் பங்கிலிருந்து கடிதம் கொண்டு வாருங்கள் என்றேன். அங்கே கோவிலும் இல்லை, புத்தகமும் எரிந்துவிட்டது, இருந்த சுவாமியார் எங்கே என்றும் தெரியாது என்றார். இரண்டாம் தரம் வந்தபோது, அப்படியானால் கோவில் இல்லை என்பதற்கு ஒரு கடிதம் கொண்டு வாருங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். எவ்வளவு நாள் காத்திருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

இப்போது என் கையில் நல்லதொரு சாமான் இருக்கிறது என்ற நினைப்போடு போனேன். ஒரு லொறியின் கியர்பொக்ஸ் முற்றத்தில் பிரிந்து கிடந்தது. கழற்றிய ஒவ்வொரு நட்டும் சாக்கில் வரிசையாக, எழுதிய கடதாசித் துண்டோடு இருந்தது. நாயகம் கதிரை எடுத்துப் போட்டார். அவருடைய மனைவி றோசலின் தேத்தண்ணி கொண்டு வந்தார். சீனி தாராளமாகப் போட்டிருந்தார். அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

கதையைச் சுற்றி வளைத்து வந்து, கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். “நீங்க வந்து காரைப் பாருங்க. நான் மகள்ட ஓலை விஷயத்தைப் பார்க்கிறன்.”

அவர் துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

“ரெண்டையும் ஒண்டாக் கட்டாதேங்கோ, செக்கரட்டரி. ஓலை எங்களுக்கு வர வேண்டியது. காருக்காக அதைத் தந்தீங்களெண்டா அது கூலியாப் போயிடும். என்ர பிள்ளையை நான் கூலிக்குக் கட்டிக் குடுக்க மாட்டன்.”

குரலை உயர்த்தவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கோ என்றும் சொன்னார். நான் குடித்தேன். பதமாகப் பேசக்கூடியவன் என்ற பெயரோடு போன எனக்கு, எழுந்து வரும்போது என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பதே நினைவில்லை.

வீட்டில் என் மனைவி பிலோமினா நடந்ததைக் கேட்டாள். நாயகம் கர்வம் பிடித்தவர் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “பதினைஞ்சு வருஷமா அவங்க பின் வாங்கில இருக்காங்க. உண்டியலைக் கொண்டு அவங்ககிட்ட போறது நீங்கதானே. அப்ப மட்டும் எப்பிடிக் கண்ணுக்குத் தெரியிறாங்க?” என்றாள்.

மறுநாள் காலை பதிவேட்டோடு சுவாமியாரிடம் போனேன். அவர் வந்து ஒரு வருஷம்தான். முழுவதும் கேட்டுவிட்டு, இடம்பெயர்ந்தவர்களைப் பதியக் கூடாது என்ற சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். கொஞ்ச மாதம் ஓரிடத்தில் குடியிருந்தாலே அந்தப் பங்கு அவர்களுடையதுதானே என்றார். பதிவேட்டின் முன் பக்கங்களைப் புரட்டித் தேடினேன். சட்டம் இருந்தது. என் கையெழுத்தில் இருந்தது.

அன்று மாலையே சபை கூடியது. பிரான்சிஸ் மாஸ்டர் எதிர்த்தார். இவர்களைச் சேர்த்தால் நாளை சபைக்கு வாக்குப் போடுவார்கள், பெருநாளில் உபயம் கேட்பார்கள் என்றார். சுவாமியார் ஆம் என்றார். மாஸ்டர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை, அதனால் அடுத்ததாகச் சொல்ல வைத்திருந்ததும் போய்விட்டது.

சனிக்கிழமை முழுவதும் முகாம் ஆட்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதினேன். பூசைக்கு வருவது போல உடுத்துக்கொண்டு வந்தார்கள். நிலையான முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கேள்வி வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கணம் நிறுத்தினார்கள். சிலர் விட்டு வந்த ஊரின் பெயரைச் சொன்னார்கள். நாயகம் வரும்போது நான் கேள்வியை முடிக்கவில்லை. மரக்கறித் தோட்டத்துக்குப் பின்னால் தன் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, ஒழுங்கையில் ஒரு ‘ங்’ விட்டிருந்ததைத் திருத்தினார்.

நட்டுப் பொறுக்கிய நாட்கள்

திங்கட்கிழமை காலை நாயகம் சொல்லாமலே தன் ஸ்பனர்ப் பெட்டியோடு கோவில் வளவில் நின்றார். மீன் பெட்டியைச் சாக்கில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று வாரம் காரின் பக்கம் போகவேயில்லை. நட்டுகளைப் பொறுக்கினார். அளவு பார்த்து, மரை பார்த்து, எண்ணெயில் ஊற வைத்து, கடதாசி எழுதி வைத்தார். முதல் நாளே சொன்னபடி செய்திருந்தால் இந்த மூன்று வாரமும் மிச்சம் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் தினமும் போய்ப் பக்கத்தில் குந்தியிருந்தேன், சொன்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று.

பிறகு இரண்டு பேரும் வீடு வீடாகப் போய்ச் சாமான் சேர்த்தோம். பட்டியல் என் கையில். பொனட்டைக் கேட்டபோது கருவாட்டை எங்கே காய வைப்பது என்று சண்டைக்கு வந்தார்கள். சோபா வீட்டில், பெண்ணின் விஷயம் சரிவரும் மட்டும் பொறுக்க முடியாதா என்றார்கள். நாயகம் பொறுக்கலாம் என்றார். கோழிக் கூட்டுக்குத் தானே ஒரு பலகைக் கதவு செய்து பூட்டிவிட்டுத்தான் முன் வலையை எடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே வரச் சொன்னார்கள். கதவு நிலையில் அவர் செருப்பைக் கழற்றும்போது ஒரு தயக்கம் தெரியும். ஐந்தாறு வீட்டுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் அவர் ஏறுகிற முதல் படிகள் அவை. அதற்கு ஒரு காரைக் கழற்ற வேண்டியிருந்தது.

கடைசியாக மாஸ்டரின் கொட்டில். திறப்பு காணாமல் போய்விட்டது என்றார். நாயகம் வாசலில் நின்று காத்திருந்தார். கால் மணி நேரத்தில் திறப்பு அவருடைய இடுப்பிலேயே கிடைத்தது.

தார்ப்பாயை எடுத்தால், உள்ளே நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். பழைய லொறி எஞ்சின். பெற்றோல் விலை ஏறிய காலத்தில் ஐயா சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார். பொனட்டைத் திறந்த அந்த ஞாயிறே மாஸ்டர் கண்டுகொண்டார். எட்டு விரலைக் காட்டிப் பேசிய வாயால் நாலு என்று சொல்ல முடியாமல், ஏழு மாதம் அதைப் பூட்டி வைத்து, ஒரு நாளும் தொடாமல் இருந்திருக்கிறார். என் முகத்தையும் பார்க்காமல், நாயகத்தின் முகத்தையும் பார்க்காமல், சுவரில் தொங்கிய வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு நல்ல சந்தோஷம். அடுத்த கூட்டத்தில் இதை எப்படிச் சொல்லலாம் என்று வசனம் கட்டத் தொடங்கிவிட்டேன்.

நாயகம் குந்தி, எஞ்சினில் கையை வைத்துப் பார்த்தார். “நல்லதாப் போச்சு. அமெரிக்கன் எஞ்சின் எண்டா சாமான் எடுக்கேலாது. இதுக்குப் புத்தளத்திலயே எடுக்கலாம்” என்றார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, “நீங்கள் திறக்காமல் மூடி வைச்சது நல்லது. கண்டவனும் கை வைச்சிருந்தா அவ்வளவுதான்” என்றார்.

மாஸ்டர் அடுத்த நாள் காலையில் தன் ஸ்பனர்களோடு வந்து நாயகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கட்டி வைத்த வசனம் வீணாகப் போனது.

ஐயாவின் மகள் பெருநாளுக்கு வந்தார். அப்போது எஞ்சின் பூட்டியாகிவிட்டது, ரஹீம் நானா தகடு மாற்றிக்கொண்டிருந்தார், கதவுகள் இல்லை. நான்கு மாதமாக நாங்கள் பயந்த அந்தப் பெண் காரை ஒரு தரம் சுற்றி வந்தார். சீட் அழுக்காகும் என்று அப்பா எங்களை ஒரு நாளும் இதில் ஏற்றியதில்லை என்றார். ஒரு போட்டோ எடுத்தார். நல்ல இறால் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். போய்விட்டார்.

கார் ஓட இன்னும் ஒன்றரை வருஷம் எடுத்தது. இப்போதும் ஓடுகிறது. பார்வைக்கு அமெரிக்கன், சத்தத்துக்கு உப்பு லொறி. ஜெனிற்றாவின் கலியாணத்துக்கு அது தயாராகவில்லை. பெண் வாடகை வேனில் போனாள்.

இரு வீட்டாரும் நாள் குறித்தபடி, அவளுடைய ஓலையைப் பெருநாள் முடிந்து வந்த ஞாயிறு முதல் தரம் வாசித்தார்கள். கோவில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் பெயர், தகப்பன் தாய் பெயர், சிலாபத்துப் பங்கு. பிறகு, எங்கள் பங்கைச் சேர்ந்த மரியநாயகம், றோசலின் ஆகியோரின் மகள் ஜெனிற்றா. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டு, வழக்கம் போலச் சுவாமியார் கொஞ்சம் நிறுத்தினார்.

அந்தத் தடை மூன்றாவது வாங்கில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின் வாங்கில் இருந்தவர்களுக்கு அது தெரியும். பிலோமினாவுக்குத் தெரியும். சுவாமியாருக்கும் தெரியும். ஒருவரும் எழும்பவில்லை. அந்தக் கோவிலில் எனக்கு யாரும் அவ்வளவு பெரிய மரியாதை அதற்கு முன் செய்ததில்லை.